மார்ச் மாசம் போடுற மார்க்கை நம்பலாமா? ஈகிள்ஸ் 2024ஐ வெச்சு ஒரு பதில்

கேள்வி இதுதான்: என்எஃப்எல்ல (அமெரிக்க ஃபுட்பால் லீக்) ஃப்ரீ ஏஜென்சி, அதாவது ஒப்பந்தம் முடிஞ்ச ஆட்டக்காரங்கள டீமுங்க வாங்குற மார்ச் சந்தை, தொடங்கி ரெண்டு நாள் ஆகுறதுக்குள்ள எல்லா டீமுக்கும் ஏ ப்ளஸ், சி மைனஸ்னு மார்க் போட ஆரம்பிச்சுடறாங்க, ட்ராஃப்ட் (காலேஜ் ஆட்டக்காரங்கள டீமுங்க வரிசைப்படி எடுக்குறது, ஒவ்வொரு முறையும் ஒரு பிக்) வர்றதோ ஏப்ரல் கடைசில, அதுக்கு முன்னாடியே ஒரு டீம் உருப்படியா வேலை பாத்திருக்கா இல்லையானு சொல்ல முடியுமா, முடியும்னா எதை வெச்சு?

முடியும். ஆனா யார் யாரை வாங்கினாங்கங்கிற லிஸ்ட்ட மட்டும் பாத்தா முடியாது. நான் பாக்குறது ஒண்ணே ஒண்ணு, மார்ச்ல பண்ணின வேலையால ஏப்ரல்ல அந்த டீமுக்கு எவ்ளோ சுதந்திரம் கிடைச்சிருக்கு. ட்ராஃப்ட் அன்னைக்கு "இந்த இடத்துக்கு ஆளே இல்ல, நல்லவனோ சுமாரானவனோ ஒருத்தன எடுத்தே ஆகணும்"னு ஒரு டீம் உக்காந்திருந்தா அந்த டீம் மார்ச்ல எவ்ளோ பெரிய பேரை வாங்கியிருந்தாலும் எனக்கு அது சி தான்.

பொதுவா பேசிட்டே போனா புரியாது, 2024 ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ எடுத்துக்கலாம், ஏன்னா முடிவு நமக்குத் தெரியும், அதே சமயம் அந்த வருஷம் ஏப்ரல்ல நம்ம கண்ணுக்கு என்ன தெரிஞ்சுதுங்கிறதையும் தனியா பிரிச்சுப் பாக்க முடியும். இந்தப் பிரிச்சுப் பாக்குறது ரொம்ப முக்கியம், ஈகிள்ஸ் சூப்பர் பௌல் (லீக்கோட இறுதிப் போட்டி) ஜெயிச்ச பிறகு வந்து "அப்பவே தெரியும்"னு சொல்றவங்க பேச்சை காதுலயே போட்டுக்காதீங்க.

நிலைமை என்னன்னா, 2023 சீசன்ல ஈகிள்ஸ் 10-1னு ஆரம்பிச்சு 11-6ல முடிச்சாங்க, அதாவது கடைசி ஆறு மேட்ச்ல அஞ்சு தோல்வி, அப்புறம் ப்ளேஆஃப் முதல் ரவுண்டுலயே டாம்பா பே கிட்ட 32-9னு செம அடி. டிஃபன்ஸ் கோஆர்டினேட்டரை (தடுப்பாட்டத்தைப் பாத்துக்குற கோச்) சீசன் நடுவுல ஓரங்கட்டிட்டு வேற ஆள்கிட்ட பொறுப்பக் கொடுத்தும் ஒண்ணும் நடக்கல. ஹெட் கோச் நிக் சிரியானி வேலை போயிடும்னு பாதிப் பேர் நெனச்சாங்க, போகல, ஆனா ரெண்டு கோஆர்டினேட்டரும் மாறினாங்க, டிஃபன்ஸுக்கு விக் ஃபாஞ்சியோ, ஆஃபன்ஸுக்கு கெல்லன் மூர். பல பேர் மார்க் போடும்போது கோச் மாறினத ஒரு வரில சொல்லிட்டுப் போயிடறாங்க, என்னைக் கேட்டா அதுதான் முதல்ல பாக்க வேண்டியது, ஏன்னா யாரை வாங்குறாங்கங்கிறது சரியா தப்பானு அந்த கோச்சோட சிஸ்டத்தை வெச்சுதான் சொல்ல முடியும், அது கீழ வரும்.

அடுத்து போனவங்க. சென்டர் (லைன் நடுவுல நின்னு பந்தை எடுத்துக் கொடுக்குறவர்) ஜேசன் கெல்சி ரிட்டயர், டிஃபன்ஸ் லைன்ல ஃப்ளெட்சர் காக்ஸ் ரிட்டயர், ரெண்டும் அதே மார்ச்ல ஒரு வார இடைவெளில. சென்டர்ல கெல்சி மாதிரி ஆள் போறது சாதாரண விஷயம் இல்ல, அந்தச் சத்தத்துல எல்லாரும் "ஐயோ பெரிய ஓட்டை"னு எழுதினாங்க. ஆனா கெல்சிக்குப் பதிலா யாருன்னு பாத்தீங்கன்னா கேம் ஜர்கென்ஸ 2022லயே ரெண்டாவது ரவுண்டுல எடுத்து வெச்சிருந்தாங்க. காக்ஸ் இடத்துக்கு ஜோர்டன் டேவிஸ் 2022ல 13வது பிக், ஜேலன் கார்ட்டர் 2023ல 9வது பிக். அதாவது 2024 மார்ச்ல வந்த ஓட்டைய 2022லயும் 2023லயும் அடைச்சு வெச்சாச்சு, கையில ஒரு டாலர் கூட புதுசா செலவாகல. ஜெனரல் மேனேஜர் ஹோவி ரோஸ்மனோட பழைய பழக்கம் இது, லைன் ஆளுங்கள (முன் வரிசைல நின்னு மோதுறவங்க) தேவை வர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே எடுத்து ஊறப் போடுறது. அதனால யார் போனாங்கன்னு பாக்கும்போதே அவங்க இடத்துக்கு ஆள் ஏற்கனவே வீட்ல இருக்கானானு பாருங்க. இது ஏப்ரல்லயே தெரிஞ்ச விஷயம், யாரும் ஜோசியம் பாக்கத் தேவையில்ல.

இப்ப ஜயன்ட்ஸ்ல இருந்து வந்த ரன்னிங் பேக் (பந்தைத் தூக்கிட்டு ஓடுறவர்) சேக்வான் பார்க்லி. மூணு வருஷம், 37.75 மில்லியன் டாலர், அதுல 26 மில்லியன் கேரண்டி. அப்ப வந்த எதிர்ப்பு ஞாபகம் இருக்கும், "ரன்னிங் பேக்குக்கு யாராவது காசு கொடுப்பாங்களா"னு. அந்த வாதத்துல நியாயம் இல்லாம இல்ல. ரன்னிங் பேக் சீக்கிரம் தேஞ்சு போற பொசிஷன், ட்ராஃப்ட்ல மூணாவது நாலாவது ரவுண்டுல கூட நல்ல ஆள் சிக்குவான், 2011ல லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட ஒப்பந்தத்துக்கு அப்புறம் ரூக்கி (புதுசா வர்றவர்) சம்பளம் எடுத்த இடத்தை வெச்சு நாலு வருஷத்துக்கு ஃபிக்ஸ் ஆயிடும், அதனால சீப்பா கிடைக்கிற பொருளுக்கு ஏன் கடை விலை கொடுக்கணும்னு கேக்குறாங்க. இன்னொரு பக்கம், 2023ல டி'ஆண்ட்ரே ஸ்விஃப்ட் இதே லைனுக்குப் பின்னாடி ஓடி 1,049 யார்டு எடுத்தாரு, பார்க்லியோ ஜயன்ட்ஸ்ல 962 யார்டு, ஒரு ஓட்டத்துக்கு 3.9 தான். அப்ப ஸ்விஃப்டையே வெச்சுக்கலாமே? அவரு சிகாகோவுக்கு மூணு வருஷம் 24 மில்லியனுக்குப் போனாரு.

இங்கதான் ட்ராஃப்ட பக்கத்துல வெச்சுப் பாக்கணும்னு சொல்றேன். 2024 ட்ராஃப்ட்ல ரன்னிங் பேக் வரிசை வறட்சியான வரிசை, இது ட்ராஃப்டுக்கு முன்னாடியே எல்லா ஸ்கவுட்டும் சொன்ன விஷயம், முதல் ரவுண்டுல போற மாதிரி ஒருத்தனும் இல்ல. நடந்ததும் அதுதான், முதல் ரன்னிங் பேக் 46வது பிக்ல போனாரு, அதுவும் முழங்கால் லிகமென்ட் கிழிஞ்சு ஆபரேஷன் ஆன ஜோனதன் ப்ரூக்ஸ். ஆக அந்த வருஷம் "ட்ராஃப்ட்ல சீப்பா எடுத்துக்கலாம்"ங்கிற வழி மூடியிருந்துச்சு. அதே மார்ச்ல மார்க்கெட்ல பார்க்லி, டெரிக் ஹென்றி, ஜோஷ் ஜேக்கப்ஸ்னு ஒரே நேரத்துல நிறைய ஆளுங்க, அதனால விலையும் தலைக்கு மேல போகல. ஹென்றி பால்டிமோருக்கு ரெண்டு வருஷம் 16 மில்லியனுக்குப் போனாரு, அடுத்த சீசன்ல 1,921 யார்டு. ட்ராஃப்ட்ல பஞ்சம், மார்க்கெட்ல தாராளம், அப்ப எங்க வாங்கணும்னு நீங்களே சொல்லுங்க.

ஜயன்ட்ஸ் லைன் எப்படி இருந்துச்சுனு மேட்ச் பாத்த யாருக்கும் தெரியும், பந்து கைக்கு வரும்போதே எதிராளியும் கூடவே வந்துடுவான். அந்த 3.9ஐ பார்க்லியோட தப்பா படிக்கிறதா லைனோட தப்பா படிக்கிறதாங்கிறதுதான் ஏப்ரல்ல இருந்த உண்மையான கேள்வி. நம்பரை மட்டும் வெச்சு மார்க் போட்டவங்க ஸ்விஃப்ட் பெட்டர்னு சொன்னாங்க. ஈகிள்ஸ் லைன்ல ஜோர்டன் மைலாட்டா, லேண்டன் டிக்கர்சன், லேன் ஜான்சன் முன்னாடி நிக்கும்போது ஒரு ஓட்டையில நுழைஞ்சு அஞ்சு யார்டு எடுக்குற ஆளுக்கும் அதே ஓட்டையில நுழைஞ்சு அறுபது யார்டு ஓடிப் போற ஆளுக்கும் என்ன வித்தியாசம்னு யோசிச்சவங்க வேற மாதிரி சொன்னாங்க. அந்த சீசன்ல பார்க்லி எடுத்த 2,005 யார்டுங்கிறது யாரும் கணிச்சிருக்க முடியாது, அதை விடுங்க, ஆனா விலையும் நேரமும் சரினு அன்னைக்கே சொல்லியிருக்கலாம்.

கேப், அதாவது சம்பள உச்சவரம்பு விஷயம் தெரியாம இதெல்லாம் பேச முடியாது, சுருக்கமா சொல்லிடறேன். 2024ல ஒவ்வொரு டீமுக்கும் சம்பள உச்சவரம்பு 255.4 மில்லியன், முந்தின வருஷத்தை விட 30 மில்லியனுக்கு மேல ஜாஸ்தி. ஒரு ஆளுக்கு 20 மில்லியன் சைனிங் போனஸ் கொடுத்தா பணம் உடனே போயிடும், ஆனா கேப் கணக்குல அதை அஞ்சு வருஷம் வரைக்கும் பரப்பி வருஷத்துக்கு 4 மில்லியனா காட்டலாம், ஒப்பந்தம் மூணு வருஷம்னா கூட பின்னாடி ரெண்டு பொய் வருஷத்தை ஒட்டி வெச்சுக்கலாம், வாய்ட் இயர்னு சொல்றது அதைத்தான். ஈகிள்ஸ் இதுல கில்லாடிங்க. அதனாலதான் 37.75 மில்லியன் ஒப்பந்தம் போட்ட பார்க்லி 2024 கேப்ல சுமார் 4 மில்லியன் தான் சாப்பிட்டாரு. இது மாயம் இல்ல, பின்னாடி கட்டித்தான் ஆகணும், ஆனா கேப் வருஷா வருஷம் ஏறிட்டே இருக்கிறதால இன்னைக்குக் கடன் வாங்கி நாளைக்கு மலிவா கட்டுற மாதிரி. ஓனர் ஜெஃப்ரி லூரி முன்கூட்டியே ரொக்கமா பணம் போடத் தயாரா இருக்கணும், எல்லா ஓனரும் அப்படி இல்ல. அதனால "மொத்தம் எத்தனை மில்லியன்"ங்கிற தலைப்பைப் பாத்து பயப்படாதீங்க, சந்தோஷமும் படாதீங்க, கேரண்டி எவ்ளோ, எந்த வருஷம் கழட்டி விடலாம், இது ரெண்டு மட்டும் பாருங்க.

அந்த வருஷம் புதுசா வந்தவங்கள்ல பெரிய தொகை பார்க்லிக்கு இல்ல, ப்ரைஸ் ஹஃபுக்கு. மூணு வருஷம் 51 மில்லியன், ஜெட்ஸ்ல இருந்து. 2023ல 10 சாக் (பந்து வீசுற க்யூபியை, அதாவது க்வார்ட்டர்பேக்கை, வீசுறதுக்கு முன்னாடியே கீழ தள்ளுறது) எடுத்தவரு, வயசும் கம்மி, மார்ச்ல எல்லாரும் கை தட்டினாங்க. தோத்த டீல் இதுதான், 2024ல 2.5 சாக், நடுவுல மணிக்கட்டுல ஆபரேஷன், சூப்பர் பௌல் அன்னைக்கு யூனிஃபார்மே போடல, அடுத்த வருஷம் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு தள்ளி விட்டாங்க. ஏப்ரல்லயே இதுக்கு ஏதாவது அறிகுறி இருந்துச்சான்னா இருந்துச்சு. ஜெட்ஸ்ல அவரு டிஃபன்ஸ் ஆடின ஸ்நாப்ல (பந்து ஆட்டத்துக்கு வர்ற ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்நாப்) பாதிக்கும் கம்மியாதான் களத்துல இருந்தாரு, பாஸ் வரும்னு தெரிஞ்ச நேரத்துல மட்டும் இறக்கி விட்டு க்யூபிய துரத்தச் சொல்லுவாங்க. ஃபாஞ்சியோ சிஸ்டத்துல எட்ஜ்ல (ஹஃப் மாதிரி டிஃபன்ஸ் லைனோட ஓரத்துல) நிக்கிறவன் ரன் வந்தா ஓரத்தைக் கட்டிப் பிடிக்கணும், சில நேரம் பின்னாடி போய் கவரேஜும் (பந்து பிடிக்க வர்றவனை ஒட்டி ஓடுறது) பண்ணணும். பார்ட் டைமா ஒரே ஒரு வேலைய பிரமாதமா பண்ணினவனுக்கு ஃபுல் டைம் சம்பளம் கொடுத்து மூணு வேலை சொல்றோம், நடக்குமா நடக்காதானு அப்பவே ஒரு சந்தேகம் வந்திருக்கணும். கோச்சை முதல்ல பாருங்கன்னு மேல சொன்னது இதுக்குத்தான்.

இதுக்கு நேர் எதிர் ஜாக் பௌன். ஒரு வருஷம், 3.5 மில்லியன். நியூ ஆர்லியன்ஸ்ல பெரும்பாலும் ஸ்பெஷல் டீம் (பந்தை உதைக்குற நேரத்துல இறங்குற ஆளுங்க) ஆடிட்டு இருந்தவரு, எட்ஜ் ஆளாதான் ட்ராஃப்ட் ஆனவரு. மார்ச்ல அவரப் பத்தி நாலு வரி எழுதினவங்களைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும். ஃபாஞ்சியோ அவரை நடு லைன்பேக்கரா (டிஃபன்ஸ் லைனுக்குப் பின்னாடி நிக்கிறவர்) மாத்தினாரு, சீசன் முடியும்போது ஃபர்ஸ்ட் டீம் ஆல் ப்ரோ (அந்த சீசனோட சிறந்த ஆட்டக்காரர் பட்டியல்), சூப்பர் பௌல்ல எதிர் டீம் க்யூபி மஹோம்ஸ் வீசின பந்தை வேற பிடிச்சாரு. அதே பொசிஷனுக்கு பெரிய பேரா வந்த டெவின் வைட், டாம்பால சூப்பர் பௌல் ஜெயிச்ச ஆள், ஒரு மேட்ச் கூட ஆடாம அக்டோபர்ல வெளிய போனாரு. பௌன் ஆல் ப்ரோ ஆவாருன்னு யாரும் சொல்லியிருக்க முடியாது, சொன்னேன்னு இப்ப யாராவது சொன்னா சிரிச்சுட்டுப் போயிடுங்க. ஆனா ஒண்ணு சொல்லியிருக்கலாம்: லைன்பேக்கர் மாதிரி பலவீனமான இடத்துல ஒரே ஆளுக்கு 12 மில்லியன் கொட்டாம ரெண்டு மூணு பேருக்கு சில்லறைக் காசுல ஒரு வருஷ ஒப்பந்தம் போட்டிருக்காங்க, ஒருத்தன் க்ளிக் ஆனாலும் லாபம், எல்லாரும் சொதப்பினாலும் நஷ்டம் கையக் கடிக்காது. தனித்தனி ஆளுக்கு மார்க் போடுறதை விட்டுட்டு கூட்டா பாத்தா இந்த மாதிரி விஷயம் தெரியும்.

யாருமே கவனிக்காத இன்னொண்ணு, ஜாஷ் ஸ்வெட். ஏற்கனவே டீம்ல இருந்தவரோட ஒப்பந்தத்தை மாத்தி எழுதி ஒரு வருஷத்துக்கு 10 மில்லியன்னு ஆக்கினாங்க. புது ஆள் இல்லாததால எந்த மார்க் லிஸ்ட்லயும் வராது. அந்த சீசன்ல டீம்லயே அதிக சாக் அவருதான், 8, சூப்பர் பௌல்ல மட்டும் 2.5.

ஹாசன் ரெட்டிக் ட்ரேடையும் சொல்லணும், ஏன்னா ரெண்டு டீமையும் ஒரே நேரத்துல பாக்கலாம். ரெண்டு வருஷத்துல 27 சாக் எடுத்தவரு, புது ஒப்பந்தம் கேட்டாரு, ஈகிள்ஸ் கொடுக்காம ஜெட்ஸுக்கு அனுப்பிட்டு 2026 ட்ராஃப்ட்ல ஒரு மூணாவது ரவுண்டு பிக் வாங்கிட்டாங்க, ஒழுங்கா ஆடினா அது ரெண்டாவது ரவுண்டா மாறும்னு கண்டிஷன். மார்ச் கடைசில ஜெட்ஸுக்கு செம மார்க், ஈகிள்ஸுக்கு திட்டு. ஆனா புது சம்பளம் கேட்டுட்டு இருக்கிற ஆளை, அந்தப் பேச்சை முடிக்காம ட்ரேட் பண்ணி வாங்குறது எப்படிப்பட்ட வேலை? பொண்ணு வீட்டுல பேசி முடிக்காம மண்டபம் புக் பண்றதுதான் அது. அவரு அக்டோபர் கடைசி வரைக்கும் கேம்ப் பக்கமே வரல, வந்து எடுத்தது ஒரே ஒரு சாக். ஜெட்ஸ் 5-12. இது பின்னாடி தெரிஞ்ச விஷயம் இல்ல, ட்ரேட் நடந்த அன்னைக்கே ஒப்பந்தம் இல்லன்னு எல்லாருக்கும் தெரியும், பெரிய பேர் வந்த ஜோர்ல யாரும் கேக்கல.

இப்ப வேணும்னே விட்ட ஓட்டைக்கு வருவோம், எனக்கு இதுதான் அந்த ஆஃப்சீசன்லயே ரொம்பப் பிடிச்ச பகுதி. 2023ல ஈகிள்ஸோட பெரிய தலைவலி பாஸ் டிஃபன்ஸ், கார்னர்பேக்குங்கள்ல (பந்து பிடிக்க ஓடுறவனை ஒட்டி நின்னு தடுக்குறவங்க) டேரியஸ் ஸ்லேக்கு 33 வயசு, ஜேம்ஸ் பிராட்பெர்ரி ஆட்டம் கண்ணு முன்னாடியே சரிஞ்சுது. சேஃப்டிக்கு (டிஃபன்ஸ்ல கடைசியா பின்னாடி நிக்கிற இடம்) சி.ஜே. கார்ட்னர் ஜான்சனைத் திருப்பிக் கூட்டிட்டு வந்தாங்க, மூணு வருஷம் 33 மில்லியன் வரைக்கும். ஆனா கார்னர்பேக்குக்கு மார்ச்ல பெரிய ஆள் யாரையும் வாங்கல. "இவ்ளோ பெரிய ஓட்டைய விட்டுட்டு ரன்னிங் பேக்குக்கு காசு"னு ஃபிலடெல்ஃபியா ரேடியோல கத்தாத ஆள் இல்ல, அந்த ஊர் ரேடியோ எப்பவும் கத்தும், அது வேற.

ஈகிள்ஸுக்கு 22வது பிக், ரெண்டாவது ரவுண்டுல இன்னும் ரெண்டு பிக். அந்த வருஷம் க்யூபி, வைட் ரிசீவர் (பந்து பிடிக்கிறவன்), டேக்கிள் (ஆஃபன்ஸ் லைன் ஓரத்துல நிக்கிறவன்) எல்லாம் குவிஞ்சு கிடந்த வரிசை, அவங்க முதல்ல போகப் போக டிஃபன்ஸ் ஆளுங்க கீழ வந்து விழுவாங்கன்னு ட்ராஃப்டுக்கு முன்னாடியே கணக்குப் போட முடிஞ்சுது. அப்படியே நடந்துச்சு, முதல் 14 பிக்கும் ஆஃபன்ஸ், 12 பிக்குக்குள்ள ஆறு க்யூபி. 22வது இடத்துல குவின்யன் மிட்செல் கிடைச்சாரு, அந்த ட்ராஃப்ட்ல எடுக்கப்பட்ட முதல் கார்னரே அவருதான். அடுத்த நாள் 40வது இடத்துக்கு ஏறிப் போய் கூப்பர் டிஜீன். சூப்பர் பௌல் அன்னைக்கு அவருக்கு 22வது பிறந்த நாள், மஹோம்ஸ் பந்தைப் பிடிச்சு டச் டவுன் அடிச்சாரு, ஈகிள்ஸ் ஜெயிச்சது 40-22 (பார்க்லிக்கும் அன்னைக்குத்தான் பிறந்த நாள், என்ன ஜாதகமோ). ட்ராஃப்ட் எங்க பணக்காரனோ அங்க மார்ச்ல கஞ்சனா இருக்கிறது, ட்ராஃப்ட் எங்க ஏழையோ அங்க மார்ச்ல கையைத் திறக்கிறது. ரன்னிங் பேக்கையும் கார்னரையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா அந்த ஆஃப்சீசனோட மொத்தத் திட்டமும் தெரியும், ஏப்ரல் 25க்கு முன்னாடியே தெரியும்.

இதுக்கு எதிர்ப்பக்கம் அதே வருஷம் அட்லாண்டா. மார்ச்ல கர்க் கசின்ஸுக்கு நாலு வருஷம் 180 மில்லியன், 100 மில்லியன் கேரண்டி. க்யூபி பிரச்சனை தீந்துச்சுன்னு ஏ போட்டாங்க. ஏப்ரல்ல 8வது பிக்ல மைக்கேல் பெனிக்ஸ், இன்னொரு க்யூபி. மார்ச் எதுக்கு ஏப்ரல் எதுக்குன்னு டீமுக்கே ஒரு தெளிவு இல்லாதப்ப வெளிய இருந்து போடுற மார்க் என்னாகும்? டிசம்பர்ல கசின்ஸ உக்கார வெச்சுட்டாங்க, 8-9. வாஷிங்டனோ மார்ச்ல ஃப்ராங்கி லூவு, பாபி வாக்னர்னு சத்தமில்லாம பத்துப் பதினஞ்சு பேரை வாங்கி எல்லா இடத்துலயும் ஒரு நடுத்தர ஆளை நிறுத்தினாங்க, ரெண்டாவது பிக்ல ஜேடன் டேனியல்ஸ் வந்து நிக்கும்போது அவரைச் சுத்தி ஒரு டீம் தயாரா இருந்துச்சு, 4-13ல இருந்து 12-5.

2011ல இதே ஈகிள்ஸ் நம்டி அசமுவா உட்பட ஒரு பட்டாளத்தையே வாங்கி ட்ரீம் டீம்னு பேர் வாங்கி 8-8ல முடிச்சத எல்லாரும் உதாரணமா சொல்லுவாங்க. அதை இங்க இழுக்காதீங்க, அந்த வருஷம் லாக்கவுட் (ஒப்பந்தப் பேச்சு முடியாம ஓனருங்க லீக்கை மூடி வெச்சது), ஃப்ரீ ஏஜென்சியே ட்ராஃப்டுக்கு அப்புறம் ஜூலை கடைசிலதான் திறந்துச்சு, வரிசையே தலைகீழ்.

அப்ப 2024 ஏப்ரல் நடுவுல ஈகிள்ஸுக்கு நியாயமான மார்க் என்ன? நான் பி ப்ளஸ் போடுவேன். ஹஃபுக்காக கொஞ்சம் குறைப்பேன், கென்னி பிக்கெட்டுக்கு மூணாவது ரவுண்டு பிக்கை விட்டு நாலாவதுக்கு இறங்கினது பேக்கப் க்யூபிக்கு அதிக விலைனு இன்னும் கொஞ்சம் குறைப்பேன், ரைட் கார்டு (லைன்ல சென்டருக்கு வலது பக்கம் நிக்கிறவர்) இடம் காலியா இருக்கேன்னும் எழுதி வெச்சிருப்பேன். ஜர்கென்ஸ் சென்டருக்கு நகர்ந்ததும் அவர் நின்ன ரைட் கார்டு இடத்துக்கு உறுதியா ஆள் இல்லாமப் போச்சு. அதுக்கு விடை மார்ச்லயும் வரல, ட்ராஃப்ட்லயும் வரல. ட்ராஃப்ட் முடிஞ்ச கையோட மெகாய் பெக்டனை ஒரு வருஷத்துக்கு சொற்ப காசுக்குக் கூட்டிட்டு வந்தாங்க, ஜெட்ஸ் 2020ல 11வது பிக்ல எடுத்த டேக்கிள், காயத்துலயே காலம் போன ஆள், லைன் கோச் ஜெஃப் ஸ்டவுட்லண்ட் அவரை கார்டா மாத்தி சீசன் முழுக்க ஆட வெச்சாரு. ட்ராஃப்ட்ல தனக்கு வேண்டியவன் கிடைக்காத டீமும், ட்ராஃப்ட்ல தன் இடத்துக்குப் புதுப் பையன் வந்ததால விலை குறைஞ்சு போன வெட்டரனும் சந்திக்கிற நேரம் அந்த ஏப்ரல் கடைசி மே முதல் வாரம், அந்தக் கடைக்கு கொஞ்சம் பணம் மிச்சம் வெச்சிருக்கிற டீமானு பாக்க கேப்ல எவ்ளோ இடம் பாக்கி இருக்குன்னு ஏப்ரல்லயே ஒரு தடவை எட்டிப் பாத்துக்கோங்க.